பனிப்பாளத்தின் அடியில் நீர்



சென்ற தவணையில் எமது பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர் விடுமுறையில் நின்ற ஒரு நாள், ஒன்பதாம் தரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அதிபராகிய எனக்கு வாய்த்தது. அப்போது மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, தென்துருவப் பக்கத்திலே பூச்சியத்துக்குக் கீழ் 89 பாகை வரை குளிர் இறங்கியதென்று புத்தகத்தில் இருக்கிறது. அதே இடத்திற் பனிக்கட்டிக்கு அடியில் ஓர் ஏரி உறையாமற் கிடக்கிறதென்றும் இருக்கிறது. இரண்டும் எப்படிப் பொருந்தும்?" என்று கேட்டாள். நான் கலைப் பட்டதாரி. தமிழும் வரலாறும் படித்தவன். நாளை சொல்கிறேன் என்று தப்பிக்கொண்டேன். அந்த நாளை வருவதற்கு மூன்று கிழமை சென்றது. அம்மூன்று கிழமையில் யான் அறிந்தவற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல வந்துள்ளேன்.

அவள் குறிப்பிட்ட இடத்தின் பெயர் வொஸ்டொக். அந்தாட்டிக்காக் கண்டத்தின் உள்நாட்டிலே சோவியத்து நாட்டினர் 1957ஆம் ஆண்டு திசெம்பரில் அமைத்த ஆராய்ச்சி நிலையம் அது. 1983ஆம் ஆண்டு யூலை 21ஆம் நாள் அங்கே பூச்சியத்துக்குக் கீழ் 89.2 பாகை பதிவாயிற்று. நிலையத்தின் கீழே ஏறக்குறைய 3¾ கிலோமீற்றர் தடிப்பான பனிக்கட்டி. அதற்குக் கீழே 250 கிலோமீற்றர் நீளமும் 50 கிலோமீற்றர் அகலமும் உள்ள ஏரி. எங்கள் குடாநாட்டைப் போன்ற பத்து நிலங்களை அந்த ஏரிக்குள் அடக்கலாம்.

இவ்வளவு நீர் எவ்வாறு உறையாமல் இருக்கிறது? மீன் வாடிகளிற் பனிக்கட்டியை மரத்தூளிலோ உமியிலோ பொதிந்து வைப்பதைக் கண்டிருப்பீர்கள். வெளி வெப்பம் உள்ளே புகாமல் மரத்தூள் காக்கிறது. அந்தாட்டிக்காவிலோ பனிக்கட்டியே மரத்தூளின் வேலையைச் செய்கிறது. பூமியின் வயிற்றிலிருந்து சிறிதளவு வெப்பம் எந்நேரமும் மேலே கசிந்தவண்ணம் இருக்கின்றது. மூன்று நான்கு கிலோமீற்றர்ப் போர்வைக்கு அடியில் அகப்பட்ட அவ்வெப்பம் எளிதில் வெளியேற வழியில்லை. மேலே கொடுங்குளிர் வீசினும் அடியிலே அது எட்டுவதில்லை. இதனோடு பாரம் என்ற ஒன்றும் சேர்கிறது. பெரும் அழுத்தத்தின் கீழ்ப் பனிக்கட்டி பூச்சியப் பாகைக்கு முன்னரே உருகத் தொடங்கும். வொஸ்டொக்கின் அடியில் உருகுநிலை பூச்சியத்துக்குக் கீழ் ஏறக்குறைய 3 பாகையாகத் தாழ்ந்திருக்கிறது. பனி நகரும் இடங்களிற் பாறையோடு உராய்வதாலும் வெப்பம் பிறக்கிறது. மாணவியின் இரண்டு கூற்றும் உண்மைதான். முகட்டின் குளிரை வைத்து அடித்தளத்தை மதிப்பிட்டது எங்கள் தவறு.

கண்ணுக்குத் தெரியாத அடித்தளத்தை எப்படிக் கண்டார்கள் என்பது வானொலி நேயர்களுக்குச் சிறப்பாக உவப்பளிக்கும் கதை. முதலிலே பனியின் மேல் வெடிவைத்து, அதன் அதிர்வு பாறையில் மோதித் திரும்பும் நேரத்தைக் கணித்தார்கள். சோவியத்து விஞ்ஞானி அந்திரே கப்பிற்சா வொஸ்டொக்கில் அவ்வாறே அளந்தார். ஆனால் ஒரு கண்டம் முழுவதையும் வெடிவைத்து அளக்க இயலுமா? அதே காலத்தில் அந்தாட்டிக்காவின் மேலே பறந்த விமானிகள் சிலர், வானொலி அலையால் உயரம் காட்டும் தங்கள் கருவி பிழையான உயரத்தைக் காட்டுவதாகக் குறைகூறினர். கருவியிற் பிழையில்லை. அலைகள் பனியின் மேற்பரப்பில் நில்லாது, கண்ணாடியை ஒளி ஊடுருவுவதுபோல ஊடுருவிச் சென்று, அடியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தன. குறையையே கருவியாக்கிக்கொண்டவருள் முதன்மையானவர் கேம்பிரிட்ஜ் ஸ்கொட் துருவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஸ்ரான்லி எவன்ஸ். 1960களில் அவர் பனிக்கட்டியை வானொலி எதிரொலியால் அளக்கும் முறையை வகுத்தார். இப்பேச்சை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் அலையின் இனத்தைச் சேர்ந்த அலைதான் அது. மூன்று கிலோமீற்றர்ப் பனியை ஊடுருவிப் போய்வர அதற்கு எடுக்கும் நேரம், ஒரு செக்கனை இலட்சம் கூறாக்கினால் அதில் மூன்றரைக் கூறு.

பாறையில் மோதிய எதிரொலி கலங்கலாக வரும். நீர்ப்பரப்பில் மோதியதோ கண்ணாடியிற் பட்டதுபோல் ஒளிர்ந்து வரும். இவ்வேறுபாட்டைக் கொண்டே 1970களில் ஏரிகள் ஒவ்வொன்றாகத் தென்பட்டன. வொஸ்டொக் ஏரியின் முழு உருவத்தை உலகம் அறிந்தது 1996ஆம் ஆண்டில். அதன்மேல் நாற்பது ஆண்டளவாக மனிதர் குடியிருந்திருக்கிறார்கள்! இன்று 400க்கு மேற்பட்ட ஏரிகள் அக்கண்டத்தின் அடியில் அறியப்பட்டுள்ளன.

ஏரியைக் கண்டது ஒன்று, தொடுவது வேறொன்று. வொஸ்டொக்கில் ஆழ்துளை மூடிக்கொள்ளாதிருக்க அதனுள் மண்ணெண்ணெய் சேர்ந்த திரவத்தை நிரப்பியிருந்தார்கள். 1998இல் ஏரிக்கு 120 மீற்றருக்கு மேலே துளைத்தல் நிறுத்தப்பட்டது. இலட்சக்கணக்கான ஆண்டுகளாக எவர் கையும் படாத நீரில் எண்ணெய் கலந்துவிட்டால் என்ன செய்வது என்று உலக விஞ்ஞானிகள் அஞ்சினர். அவ்வச்சத்தை எங்கள் ஊரவருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. 2014ஆம் ஆண்டளவில் உடுவிலை அடுத்த சுன்னாகப் பகுதியிற் கிணற்று நீரில் எண்ணெய் கண்டபோது, வாளியைக் கையிற் பிடித்தபடி கிணற்றுக்கட்டில் நின்று, குடிப்பதா விடுவதா என்று திகைத்தவர்கள் நாங்கள். நிலத்தடி நீர் ஒருமுறை கெட்டால் அதைத் துடைத்தெடுக்கத் துணி இல்லை. 2012ஆம் ஆண்டு பெப்ரவரி 5ஆம் நாள், 3,769 மீற்றர் ஆழத்தில் துளைபொறி வொஸ்டொக் ஏரியைத் தொட்டது. ஏரிநீர் அழுத்தத்தால் மேலெழுந்து துளைக்குள் உறைந்தது. அவ்வுறைநீரைப் பின்னர் எடுத்துச் சோதித்தபோது மண்ணெண்ணெய் அதிற் கலந்திருந்தது.

அதே ஆண்டின் இறுதியிற் பிரித்தானியக் குழுவொன்று, எண்ணெய் வேண்டாம், வடிகட்டிய சுடுநீராலே பனியை உருக்கித் துளைப்போம் என்று எல்ஸ்வேத் என்னும் ஏரிக்கு மேலே முயன்றது. மூன்று கிலோமீற்றர்ப் பனி. இரண்டு துளைகளை 300 மீற்றர் ஆழத்தில் ஒன்றோடொன்று இணைக்க முடியாமற்போகவே, நத்தார் நாளன்று வேலையைக் கைவிட்டார்கள். பல்லாண்டு ஆயத்தம் செய்தவர்கள், தோற்றோம் என்று ஒளிக்காமல் உலகுக்கு உரைத்ததை யான் பெரிதாக மதிக்கிறேன். 2013 சனவரியில் அமெரிக்கக் குழுவினர் இதே சுடுநீர் முறையால், 800 மீற்றர்ப் பனிக்குக் கீழுள்ள வில்லன்ஸ் ஏரியைத் தூய்மையாக எட்டினார்கள். அங்கே ஒரு மில்லிலீற்றர் நீரில் ஏறக்குறைய 1,30,000 உயிர்க்கலங்கள் இருந்தன. சூரிய ஒளியே காணாத அந்த நுண்ணுயிர்கள், பாறைத் துகளிலும் பழைய கடற்சேற்றிலும் உள்ள இரசாயனப் பொருள்களை உண்டு வாழ்கின்றன.

எம் அயலார் எவரும் அங்கே சென்றதில்லையா என்று நீங்கள் கேட்கலாம். இந்தியாவின் முதற்குழு காசிம் என்பாரின் தலைமையிலே 1981 திசெம்பரிற் கோவாவிலிருந்து புறப்பட்டு, 1982 சனவரி 9ஆம் நாள் அந்தாட்டிக்காவை அடைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அவர்கள் அமைத்த தட்சிண கங்கோத்திரி நிலையம் நிலத்தின்மேல் அன்று, கடலில் மிதக்கும் பனித்தட்டின்மேல் நின்றது. ஆண்டுதோறும் விழுந்த பனி அதை மூடிக்கொண்டே வர, 1990இல் அதைக் கைவிட நேர்ந்தது. பனிக்கு அடியை ஆராயப்போன நிலையமே பனிக்கு அடியிற் போயிற்று. படிப்பினை பெற்றவர்கள் அடுத்த நிலையமாகிய மைத்திரியைப் பாறைமேல் அமைத்தார்கள். 2012இல் எழுந்த பாரதி நிலையமும் பாறைமேல்தான். அந்தப் பகுதிப் பாறை இந்தியாவின் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கு உறவு. யப்பானியரின் சியோவா நிலையத்துப் பாறைகளோ எங்கள் கண்டி மலைநாட்டுப் பாறைகளுக்கு உறவு. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில் இந்நிலங்கள் எல்லாம் ஒன்றாய்க் கிடந்தவை. அப்பனிக்கு அடியில் இருப்பது நம்முடைய பழைய முற்றம்.

மிதக்கும் பனித்தட்டு என்றேனல்லவா? எங்களைத் தொடும் செய்தி அங்கேதான் உள்ளது. பனிப்பாளம் அசையாத மலை அன்று. நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல ஊர்வது. அடியில் நீர் பரவினால் வழுக்கி விரைந்து ஊரும். அடியிலுள்ள ஏரிகள் நிறைந்தும் வடிந்தும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் பாய்ச்சுகின்றன. அவ்வாறு ஓர் ஏரி வடிந்தபோது மேலிருந்த பனிப்பரப்பு 9 மீற்றர் வரை தாழ்ந்ததைச் செயற்கைக்கோள் அளந்தது. ஊர்ந்துவரும் பனியை முன்னே நின்று தடுப்பவை இந்த மிதக்கும் தட்டுகள். மேற்கு அந்தாட்டிக்காவிலே துவெயிற்ஸ் என்னும் பனியாறு இலங்கையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு பரப்புள்ளது. அதன் அடித்தளம் கடல்மட்டத்துக்குக் கீழே, உள்ளே போகப்போக ஆழமாகிறது. வெப்பமான கடல்நீர் அடியிற் புகுந்து அரிக்கிறது. 2020 சனவரியில் 600 மீற்றர்த் துளை வழியே இறக்கப்பட்ட இயந்திரமொன்று அவ்விடத்தை நேரிற் கண்டது. சமமான பகுதிகளில் உருகுதல் அஞ்சிய அளவுக்கு இல்லை. வெடிப்புகளிலும் படிகளிலும் அது கடுமையாக நடந்துகொண்டிருந்தது. அப்பனியாறு முழுவதும் கரைந்தால் உலகக் கடல்மட்டம் 65 சென்றிமீற்றர் உயரும். அது இன்று நாளை நிகழ்வதன்று. ஆயினும் 1901 முதல் 2018 வரை கடல் ஏற்கெனவே 20 சென்றிமீற்றர் உயர்ந்துவிட்டது.

வலிகாமத்தின் செம்மண்ணுக்கும் சுண்ணாம்புக் கல்லுக்கும் கீழே நாங்கள் அள்ளிக் குடிக்கும் நன்னீர், உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. இதன் கணக்கை ஒல்லாந்தரான கிபென் என்பவரும், செர்மானியரான ஹெர்ஸ்பேர்க் என்பவரும் நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் தனித்தனியே கண்டனர். கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே 40 அடி நன்னீர் இருக்கும். மேலேயுள்ள அந்த ஓரடி குறைந்தால் காலப்போக்கிற் கீழே 40 அடியும் குறையும். நிலவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதன் மருமமும் இதுவே. மின்பம்பி நீரை மேலிருந்து குறைக்கிறது. உயரும் கடல் கீழிருந்து நெருக்குகிறது. நன்னீரும் கூடவே உயர்ந்தால் தீங்கு குறைவு. எங்களது தாழ்ந்த நிலத்தில் அது உயர இடம் அதிகமில்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடுவது. வேறு ஆறு எங்களுக்கு இல்லை.

இவற்றையெல்லாம் அந்த வகுப்புக்குச் சொல்லி முடித்தபின், அதே மாணவி, "அப்படியானால் எங்கள் பாடசாலைக் கிணற்றில் எத்தனை அடி நன்னீர்?" என்று கேட்டாள். இம்முறை நான் தப்பிக்கவில்லை. முடிச்சிட்ட கயிற்றிற் கல்லைக் கட்டி, மாதத்தின் முதற்றிங்கள் தோறும் நீர்மட்டத்தை அளக்கிறார்கள்; ஒரு போத்தல் நீரை ஆய்கூடத்துக்குக் கொண்டுபோய் உவர்ப்பையும் பார்க்கிறார்கள். வகுப்புச் சுவரில் இதுவரை இரண்டு அளவுகள் எழுதப்பட்டுள்ளன. மாரி மழைக்குப் பின்னர் எடுக்கும் அளவுக்காகக் கீழே இடம் விட்டிருக்கிறார்கள்.