வீடு விற்கிறீர்களா? முன்பணம் வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்

மேல்பட்டாம்பாக்கம் போன்ற ஊர்களில் வீடு விற்கும் பேச்சு பெரும்பாலும் ஏதோ ஓர் அவசரத்தில்தான் தொடங்கும். மகளுக்குக் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, கழுத்தை நெரிக்கும் கடன் என்று ஏதாவது ஒன்று இருக்கும். தரகர் ஆளை அழைத்து வருவார். திண்ணையில் உட்கார்ந்தே விலை பேசி முடித்து, ஒரு லட்சத்தைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிப் போவார்கள். பின்னால் வரும் நஷ்டங்களில் பலவற்றுக்கும் அந்த ஒரு நாள் அவசரமே காரணம்.

தங்கை கையெழுத்து

'சீர் செய்தாயிற்று, தங்கைக்குப் பங்கில்லை' என்று நினைப்பதுதான் முதல் தவறு. அப்பா சுயமாகச் சம்பாதித்த வீடு, உயிலும் இல்லை என்றால், மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் அவருடைய தாய் ஆகிய எல்லோருக்கும் சம பங்கு உண்டு. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்வது இது. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமையை 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் தந்தது. அந்தத் திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களில் பங்கு முறை வேறு. ஆனால் அங்கும் மகளுக்குப் பங்கு உண்டு.

தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்குங்கள். எல்லா வாரிசுகளும் கிரையப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். பங்கு வேண்டாம் என்பவர் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்து தரவேண்டும். வாய்ச்சொல் செல்லாது.

பத்திரமும் பட்டாவும்

தாய்ப்பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது மூன்றையும் பக்கத்தில் வைத்து, பெயரும் அளவும் நான்கு எல்லைகளும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். வெள்ளத்தில் பத்திரம் போயிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும்.

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தையும் பாருங்கள். கடனைக் கட்டி முடித்திருந்தாலும், அதற்கான ரசீதுப் பத்திரம் பதியாவிட்டால் அடமானம் வில்லங்கத்தில் அப்படியே நிற்கும். வாங்க வந்தவர் அதைக் காட்டியே விலையைக் குறைப்பார்.

உடன்படிக்கையும் பவரும்

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரைய உடன்படிக்கையைப் பதிவு செய்வது கட்டாயம். மொத்த விலை, வாங்கிய முன்பணம், மீதி தரவேண்டிய தேதி, தவறினால் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். தேதி போடாத உடன்படிக்கையால் வீடு ஆண்டுக்கணக்கில் முடங்கலாம். பேரம் முறிந்தால் ரத்துப் பத்திரத்தையும் மறக்காமல் பதியுங்கள்.

'அலைச்சல் எதற்கு, பவர் எழுதிக் கொடுங்கள்' என்று தரகர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். விற்கும் அதிகாரத்தோடு பவர் கொடுத்தால், உங்களைக் கேட்காமலே அவர் வீட்டை வேறொருவருக்குப் பதிந்து கொடுத்துவிட முடியும். முழுப் பணமும் வருமுன் சாவியையும் கொடுக்காதீர்கள்.

குறைத்து எழுதும் விலை

வாங்குபவருக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதனால் விலையைக் குறைத்து எழுதச் சொல்வார். மீதியை ரொக்கமாகத் தருவதாகவும் சொல்வார். அந்த மீதி வராமல் போனால் கேட்க உங்கள் கையில் ஆதாரம் இராது. வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு. பணம் முழுவதும் வங்கி வழியாகவே வரட்டும்.

வரி உண்டா?

கிராமத்து விவசாய நிலத்தை விற்ற லாபத்துக்கு வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் வீட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த வீடு என்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி. 20 லட்சம் லாபத்துக்கு இது 2.5 லட்சம் ரூபாய். வாரிசுகள் பலர் என்றால் அவரவர் பங்குக்குத் தனித்தனிக் கணக்கு என்பதால் வரி குறையும். சிலருக்கு இல்லாமலும் போகலாம். 2001 ஏப்ரலுக்கு முந்திய வீட்டுக்கு அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாகக் கொள்ளலாம். விற்ற இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று ஆண்டுக்குள் கட்டினாலோ விலக்கு கிடைக்கும். விற்கும் முன்பே ஆடிட்டரிடம் ஒரு நடை போய்வருவது நல்லது.

மறைக்காதீர்கள்

2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருகியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்திருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத பெரிய குறையைச் சொல்ல வேண்டியது விற்பவர் கடமை என்கிறது 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டம்.

வாரிசு, பட்டா, வில்லங்கம், வரி. இந்த நான்கையும் சரிபார்க்க ஓரிரு மாதம் ஆகலாம். அதுவரை முன்பணத்துக்குக் கை நீட்டாதீர்கள். பத்திரம் சுத்தமாக இருந்தால் விலையை நீங்கள் சொல்லலாம். இல்லாவிட்டால் வாங்குபவர் சொல்வதுதான் விலை.