அசைவின்மை மயக்கமாகாது

திருகோணமலை போன்ற நகரங்களின் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில், கர்ப்பகால வலிப்பைத் தடுக்க மகப்பேற்று விடுதிக்காரர் நம்பியிருக்கும் மருந்து மகனீசியம் சல்பேற்று. விலை குறைந்த இதைச் சத்திரசிகிச்சைக் கூடத்திலும் இப்போது பலர் விரும்புகிறார்கள். காரணம் நியாயமானது. வலிச் செய்தியைப் பெருக்கும் என்எம்டிஏ ஏற்பிகளின் வாயிலை மகனீசிய அயன்கள் அடைத்துக்கொள்கின்றன. சத்திரசிகிச்சைக்குப் பிந்திய முதல் 24 மணி நேரத்தில் மோர்பின் தேவை குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இதைப் பார்த்து, மயக்க மருந்தையும் குறைத்துவிடலாம் என்று எண்ணுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. மகனீசியம் வலியைத் தணிக்கும், தசையைத் தளர்த்தும். உறங்க வைக்காது.

1916இல் பெக், மெல்ற்சர் என்ற அமெரிக்க மருத்துவர்கள் இதை மயக்க மருந்தாகவே நாளத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். ஆனால் 1966இல் சோம்ஜென் குழுவினர் தன்னார்வலர்களுக்கு மிகுந்த அளவில் ஏற்றியபோது தசைகள் ஏறக்குறைய முழுதும் செயலிழந்தன, நினைவு தப்பவில்லை. இன்னும் வலுவான சான்று நம் நாட்டிலேயே உண்டு. கொழும்பு மயக்கவியல் நிபுணர்கள் ஆட்டிகல, ரொட்ரிகோ இருவரும் கடும் ஏற்புவலி நோயாளருக்கு மகனீசியத்தை முதன்மை மருந்தாகக் கொடுத்து, 40 பேரின் விவரத்தை 2002இல் வெளியிட்டார்கள். முழங்கால் எதிர்வினை மறையாத அளவே அவர்களின் எல்லை. ஆழ்ந்த மயக்கமும் செயற்கைச் சுவாசமும் இல்லாமலே இழுப்பை அடக்குவது அவர்களின் நோக்கம். உறங்க வைக்கும் மருந்தால் அது இயலாது.

எதிர்வாதம் இலேசானதல்ல. மயக்கத்தின் ஆழத்தைக் காட்ட நெற்றியில் ஒட்டும் மூளையலைக் கருவியின் எண்ணை ஒரே நிலையில் வைக்க, மகனீசியம் பெற்றவர்களுக்கு மயக்க மருந்தான புரோபோஃபோல் குறைவாகவே தேவைப்பட்டது என்று ஆய்வுகள் சொல்கின்றன. வலி குறைந்தால் மூளை கிளர்ந்தெழுவதும் குறையும்; அதை ஏற்கிறேன். ஆயினும் அந்த எண்ணில் நெற்றித் தசையின் மின்துடிப்பும் கலந்திருக்கிறது. முழு விழிப்பிலிருந்த தன்னார்வலர்களுக்குத் தசைத் தளர்த்தி மட்டும் கொடுத்தபோதே எண் சரிந்திருக்கிறது. தசையைத் தளர்த்தும் மகனீசியமும் ஓரளவு அதையே செய்யக்கூடும். அந்த எண்ணை நம்பி மருந்தைக் குறைத்தால், கத்தியின் கீழ் கிடப்பவர் விழித்திருந்தும் விரலசைத்துச் சொல்ல முடியாமல் போகலாம்.

அதனால் மகனீசியமே வேண்டாம் என்பதல்ல. உடல் எடையில் கிலோவுக்கு 30 முதல் 50 மில்லிகிராம் வரை மெதுவாக ஏற்றுவது வழக்கம். அப்போது குறைக்க வேண்டியவை மோர்பினும் தசைத் தளர்த்தியும். தசை மீண்டதை நரம்புத் தூண்டியால் பார்த்த பின்பே சுவாசக் குழாயை எடுக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானால் மகனீசியம் உடலில் தேங்கும். பதவிசிறிபுர போன்ற, நாட்பட்ட சிறுநீரக நோய் பரவிய ஊர்கள் உள்ள திருகோணமலை மாவட்டத்தில், சிறுநீரகச் செயலைக் காட்டும் கிரியேற்றினின் அளவைப் பார்க்காமல் இந்த ஊசியைத் தொடக்கூடாது. மகனீசியம் மிகுந்தால் முறிக்கும் கல்சியம் குளுக்கோனேற்றும் அருகில் இருக்க வேண்டும்.