தசை தளர்ந்தால் வலி நீங்குமா?
நுவரெலியாவின் பந்தயக் குதிரையாயினும் நெடுந்தீவின் காட்டுக் குதிரையாயினும், சத்திரசிகிச்சை என்று வந்தால் பெரும்பாலும் நாட வேண்டியது பேராதனைக் கால்நடை மருத்துவ பீடத்தில் பயின்றவர்களையே.

அரைத் தொன் எடையுள்ள பிராணியைக் கிடத்துவதற்கு உதவும் தசைதளர்த்திகளுள் ஒன்று குவைபெனசின். இருமலுக்கு நாம் அருந்தும் பாணி மருந்திலும் இருப்பது இதுவே. இது முண்ணாணில் செயற்பட்டுக் கால்களைத் தளர்த்துகின்றது. உரிய அளவில் சுவாசத்தைப் பெரிதும் பாதிப்பதில்லை. எனினும் கரைசலின் செறிவு மிகுந்தால் செங்குருதிக் கலங்கள் சிதையக்கூடும். நாளத்திற்கு வெளியே கசிந்தால் இழையம் புண்படும்.

இவற்றிலும் பாரதூரமானது, இம்மருந்து வலியைப் போக்காது என்பதே. அசையாமற் கிடக்கும் குதிரை கத்தியை உணர்ந்துகொண்டே கிடக்கலாம். ஆதலால் சைலசீன், கெற்றமின் போன்றவற்றுடன் சேர்த்தே இது செலுத்தப்படுகின்றது. செலவைக் கருதி அவற்றைத் தவிர்க்குமாறு உரிமையாளர் கேட்பாராயின், மருத்துவர் மறுத்துவிட வேண்டும்.