பனிநிலத்து இளையோருக்கு ஒரு மனநல விளையாட்டு

கனடாவின் வடகோடியில் 1999இல் உருவான நூனவுட் ஆட்சிப்பகுதியில் 25 ஊர்கள் இருக்கின்றன. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சாலை கிடையாது. பெரும்பாலான ஊர்களில் செவிலியர்கள் நடத்தும் சுகாதார நிலையம்தான் மருத்துவமனை. அங்கே மனம் துவண்ட ஓர் இளைஞருக்குத் திரை வழியே உதவ முடியுமா?

துயரத்தின் வேர்

கனடாவில் இனூயிட் பழங்குடியினர் வாழும் நான்கு பகுதிகளில் (நூனவுட் அவற்றுள் ஒன்று) தற்கொலை விகிதம் நாட்டின் பொது விகிதத்தைப் போல 5 முதல் 25 மடங்கு என்கிறது, இனூயிட் தேசிய அமைப்பு 2016இல் வெளியிட்ட தடுப்புத் திட்டம். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த உறைவிடப் பள்ளிகள், கட்டாய இடப்பெயர்வு, இன்றைய வீட்டு நெருக்கடி, உணவுத் தட்டுப்பாடு எல்லாம் இதன் பின்னால் இருக்கின்றன. "எண்ணத்தை மாற்றிக்கொள்" என்று மட்டும் சொல்லும் செயலி இங்கே பாதிக் கிணறுதான் தாண்டும்.

விளையாட்டில் ஒரு சிகிச்சை

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஸ்பார்க்ஸ்' 7 கட்டங்கள் கொண்ட கணினி விளையாட்டு. மூச்சைச் சீராக்குதல், சிக்கலைப் பிரித்துப் பார்த்தல், தானாக எழும் இருண்ட எண்ணங்களை அடையாளம் காணுதல் என்று அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் பயிற்சிகளை அது விளையாட்டாகவே கற்றுத்தருகிறது. லேசான, மிதமான மனச்சோர்வுக்கு வழக்கமான சிகிச்சைக்கு இது சளைத்ததல்ல என்று, 187 இளையோரிடம் நடத்தி 2012இல் வெளியான ஆய்வு காட்டியது.

தங்களுக்கேற்ப மாற்றியவர்கள்

கனடாவின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்பார்க்ஸை நூனவுட்டின் 11 ஊர்களில் சோதித்தனர். விளையாடியவர்களிடம் நம்பிக்கையின்மையும் தன்னையே பழிக்கும் போக்கும் குறைந்தன. ஆனாலும் அது வேறொரு நிலத்தின் கதை. எனவே அடுத்த கட்டத்தில், நூனவுட்டின் பாங்னிர்டுங் ஊரில் பிறந்த பின்னுவாக் தொழில்நுட்ப நிறுவனத்தின் துணையோடு, இனூயிட் இளையோரே அதை மறுவடிவமைக்கும் பணியில் இறங்கினர். பெரியவர்களின் அறிவு, வேட்டை, குடும்ப உறவு ஆகியவை அவர்களுக்கு மனநலத்துக்கு வெளியே நிற்பவை அல்ல. சிகிச்சையும் அங்கிருந்தே தொடங்கினால்தான் ஒட்டும்.

எதைக் கவனிக்க வேண்டும்?

- நூனவுட்டில் இணையம் செயற்கைக்கோள் வழியே வருகிறது, விலையும் அதிகம். குறைந்த டேட்டாவில் இயங்கும் கருவியே பயன்படும்.
- நெரிசலான வீட்டில் ஒரே கருவியைப் பலர் பகிரும்போது அந்தரங்கம் காக்கப்பட வேண்டும்.
- விளையாடும்போது மனம் கனத்தால் பேச, நம்பகமான ஒருவர் ஊரிலேயே இருக்க வேண்டும்.

உடனடி உதவி எப்போது?

சாவைப் பற்றிப் பேசுதல், எல்லோரிடமிருந்தும் ஒதுங்குதல், பிடித்த பொருள்களைக் கொடுத்துவிடுதல் ஆகிய அறிகுறிகள் தென்பட்டால் செயலியை நம்பிக் காத்திருக்கக் கூடாது. அவரிடம் நேரடியாகக் கேளுங்கள், தனியே விடாதீர்கள். கனடாவில் 988 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.