எண் மட்டும் போதுமா?

“சார், அப்பாவுக்கு மலத்தில் இரத்தம் போகிறது. இரத்தச் சோதனையில் ‘சி.இ.ஏ.’ 3 என்று வந்திருக்கிறது. 5-க்குள் இருந்தால் புற்றுநோய் இல்லைதானே?” என்று மாணவன் ஒருவன் கேட்டான். அவன் தந்தை திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்ப்பவர்.

மாணவர்களே! சி.இ.ஏ. என்பது ஒரு புரதம். கருவிலுள்ள குழந்தையின் குடலில் இது மிகுதி. பிறந்தபின் மிகக் குறைவு. பெருங்குடல் புற்று இதை மீண்டும் உண்டாக்குவதை 1965-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் கோல்டு, ஃப்ரீட்மன் ஆகியோர் கண்டனர். இதன் அளவு மில்லிலிட்டருக்குச் சில நானோகிராம்களே. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு! இவ்வளவு நுண்ணிய அளவைக் கதிரியக்கத்தால் அளக்கும் முறையை பெர்சனுடன் சேர்ந்து உருவாக்கியவர் ரோசலின் யாலோ. 1977-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற இவர் ஓர் இயற்பியலாளர்.

ஆனால் இந்த எண் ஏமாற்றவும் கூடும். புகை பிடிப்பவர்க்கும் கல்லீரல் நோயாளர்க்கும் புற்றின்றியே இது உயரலாம். தொடக்க நிலைப் புற்றில் உயராமலும் இருக்கலாம்.

அப்படியானால் உண்மையை எப்படி அறிவது? துணியின் தரத்தை எடைபோட்டா அறிகிறோம்? விரித்துப் பின்னலைப் பார்க்கிறோம் அல்லவா? மருத்துவரும் குழாய்க் கருவியால் குடலின் உட்புறத்தைப் பார்த்து, ஐயத்திற்குரிய இடத்தில் சிறு துணுக்கை எடுக்கிறார். அதை மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனத்தில் சீவிச் சாயமேற்றுகின்றனர். ஒன்று மரத்தின் வைரத்திலிருந்து வரும் ஹீமடாக்சிலின், மற்றொன்று இயோசின். இரண்டும் துணிச் சாயங்களாகப் பயன்பட்டவையே! முன்னது உயிரணுக்களின் உட்கருவை நீலமாக்கும். பின்னது மற்றப் பகுதிகளை இளஞ்சிவப்பாக்கும்.

நலமான குடலின் உட்சுவரில் சுரப்பிகள் சோதனைக் குழாய்களை அடுக்கியதுபோல் ஒழுங்காக நிற்கும். புற்றில் அந்த ஒழுங்கு குலையும். சுரப்பி வடிவம் ஓரளவு எஞ்சியிருந்தால் பெரும்பாலும் மெல்ல வளரும் வகை. உருவமே தெரியாமல் குலைந்திருந்தால் வேகமாகப் பரவும் வகை. இதில் ஒரு விந்தை: மிகவும் குலைந்த புற்று, சி.இ.ஏ.-யைக் குறைவாகவே உண்டாக்கக்கூடும். துணி மோசம், எண்ணோ சுத்தம்!

பின் சி.இ.ஏ. எதற்கு? அறுவைக்கு முன் உயர்ந்திருந்த அளவு, புற்றை முழுதும் அகற்றினால் சில வாரங்களில் இறங்கும். பின்னர் மீண்டும் ஏறினால், நோய் திரும்புகிறதோ எனத் தேடச் சொல்லும் எச்சரிக்கை அது.

“எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையாதே; அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப் போ” என்றேன். மலத்தில் இரத்தம் மூலத்தாலும் வரலாம். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். வெட்கப்பட்டு மறைப்பது தவறு. தொடக்கத்திலேயே கண்டால் குடல் புற்றைப் பெரும்பாலும் குணப்படுத்தலாம்.