சஸ்பென்ஷனில் கை வைக்கும் முன்

ஸ்போர்ட்ஸ் கார் வளைவில் எப்படி நிற்கிறது, பிரேக்கில் எப்படி அடங்குகிறது என்பதை நான்கு விஷயங்கள் முடிவு செய்கின்றன: டயர், சஸ்பென்ஷன், பிரேக், இவற்றைத் தாங்கும் பாடியின் உறுதி. இன்றைய கார்களில் பெரும்பாலும் தனிச் சேசிஸ் கிடையாது; பாடியே சேசிஸ். மும்பையில் இந்த நான்குக்கும் பணம் தலைகீழ் வரிசையில் செலவாகிறது. செகண்ட் ஹேண்டில் ஒரு வேகமான ஹேட்ச்பேக்கோ செடானோ கைக்கு வந்ததும் முதலில் பெரிய ரிம், அடுத்து ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துவது, பிறகு பானெட்டுக்கடியில் பளபளக்கும் ஒரு கம்பி. டயர் ஆறு வருடப் பழசாக இருக்கும், லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. ஒரு மழைக்காலம் போனதும் ரிம் வளைகிறது. மோதல் ஒன்று நடந்து இன்சூரன்ஸ் கிளைம் நிராகரிக்கப்பட்ட பிறகுதான் ஆர்.டி.ஓ. வாசலில் ஏஜென்ட்டைத் தேடி ஓடுகிறார்கள். வேலை முடிந்தபின் காகிதத்தைத் தேடுவதால் பயன் எதுவும் இல்லை.

முதல் செலவு டயருக்கு. வேறு எந்த மாற்றமும் நான்கு உள்ளங்கை அளவு ரப்பரின் வழியாகத்தான் சாலையை அடைகிறது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. 'புது ஸ்டாக்' என்று சொல்லிக் கொடுக்கும் கடையில் அந்த எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதனுடன் ஐ.எஸ். 15633 என்ற எண்ணும் இருக்க வேண்டும். பள்ளங்களின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போன டயர் சட்டப்படியே ஓட்டத் தகுதியற்றது. மும்பை மழையில் அதற்கு வெகு முன்பே அது தண்ணீரின் மேல் வழுக்கத் தொடங்கிவிடும். நான்கு சக்கரத்திலும் ஒரே டயர் வேண்டும். முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் ஒரு கம்பெனி என்றிருந்தால் எந்த சஸ்பென்ஷனும் அதைச் சரிசெய்யாது.

பெரிய ரிம் மாட்டுவதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். 185/60 ஆர்15 டயரில் 185 என்பது மி.மீ. அகலம், 60 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. ஆக, பக்கச் சுவர் 111 மி.மீ.; ரிம்மின் 381 மி.மீ.யையும் சேர்த்தால் மொத்த விட்டம் 603 மி.மீ. இதற்குப் பதிலாக 205/40 ஆர்17 மாட்டினால் விட்டம் சுமார் 596. ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பிசகாது. ஆனால் பக்கச் சுவர் 82 மி.மீ.யாகக் குறைந்துவிடுகிறது. பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்ள இருந்த ரப்பரில் 29 மி.மீ. காணாமல் போகிறது. தாராவி 90 அடி சாலையிலோ பேவர் பிளாக் பெயர்ந்த எந்தச் சந்திலோ அந்த அடியை இனி ரிம்தான் வாங்கும். 195/50 ஆர்16 என்றால் விட்டம் 601, பக்கச் சுவர் 97.5. இந்த நகரத்துக்கு அதுவே போதும். புது டயரின் லோட் இன்டெக்ஸ் பழையதற்குக் குறையக் கூடாது. அதே மாடலின் உயர் வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுத்த அளவைத் தேர்ந்தெடுப்பது எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. பின்னால் இன்சூரன்ஸ் சர்வேயரிடம் பேச்சு வளராது.

அடுத்தது, தேய்ந்ததை மாற்றுவது. இதை யாரும் 'அப்கிரேட்' என்று சொல்வதில்லை, கண்ணுக்கும் தெரியாது, ஆனால் ஐந்து வருடம் ஓடிய காரில் மிகப் பெரிய வித்தியாசத்தைத் தருவது இதுதான். காரை ஜாக்கியில் உறுதியாகத் தூக்கி நிறுத்திவிட்டு, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தால் பால் ஜாயின்ட்டும் பேரிங்கும் தளர்ந்திருப்பது தெரியும். இடமும் வலமுமாகப் பிடித்து அசைத்தால் டை ராடின் ஆட்டம் தெரியும். ஸ்பீட் பிரேக்கரில் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் முதலில் லிங்க் ராடையும் புஷ்ஷையும் பார்க்க வேண்டும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்த தடம் இருந்தால் அதன் வேலை முடிந்தது. மாற்றும்போது ஒரே ஆக்ஸிலில் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகே வீல் அலைன்மென்ட். அதற்கு வேலைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டு பிரின்ட்-அவுட் கேட்டு வாங்க வேண்டும். 'மிஷினில் பிரின்டர் கெட்டுப்போச்சு' என்று சொல்லும் கடையில் அலைன்மென்ட் நடந்ததற்கு எந்தச் சாட்சியும் இல்லை.

பிரேக்கில் பெரிய டிஸ்க் போடுவதற்கு முன் பிரேக் ஆயிலைப் பார்க்க வேண்டும். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிவிட்டால் அந்தக் குறைந்தபட்ச அளவு 155. கடற்கரை நகரத்தின் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவதும், நல்ல பேடும் சேர்ந்தால் சாதாரணச் சாலைக்கு வேறு எதுவும் வேண்டாம்.

இவை எல்லாம் சரியான பிறகே ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசலாம். ஸ்பிரிங்கை வெட்டக் கூடாது. வேலை செய்யும் ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் மீதி ஸ்பிரிங் 20 சதவீதம் விறைக்கும். அதை அடக்க வேண்டிய ஷாக்கோ பழையதே. சக்கரம் மேலேறி இறங்க இருந்த இடமும் குறையும். காரைத் தூக்கும்போதோ பெரிய ஸ்பீட் பிரேக்கரைத் தாண்டும்போதோ சக்கரம் தொங்கினால் வெட்டிய ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து நழுவலாம். வளைவில் அது நழுவினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. தாழ்த்தியே ஆக வேண்டுமென்றால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்த செட் வேண்டும், அந்த மாடலுக்கென்றே செய்ததாக வேண்டும். எவ்வளவு தாழ்த்துவது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் கோயம்புத்தூரில் இருக்கிறது. ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் டாடா மோட்டார்ஸுடன் சேர்ந்து 2018 அக்டோபரில் டியாகோ ஜே.டி.பி., டிகோர் ஜே.டி.பி. கார்களைக் கொண்டுவந்தது. ரேஸ் கார்களோடு பல்லாண்டுகள் பழகிய அந்த நிறுவனம் சஸ்பென்ஷனை முழுக்கத் திருத்தியும், டியாகோவைத் தாழ்த்தியது வெறும் 4 மி.மீ. தெருக் கராஜில் இரண்டு அங்குலம் இறக்குகிறார்கள். ஜே.டி.பி. கார்கள் கம்பெனியிலிருந்தே ஒப்புதல் பெற்று வந்தவை என்பதால் வாங்கியவருக்கு எந்தக் காகிதச் சிக்கலும் இல்லை. வேகமான கார்தான் வேண்டும் என்பவர் இப்படித் தொழிற்சாலையிலேயே திருத்தி வந்த வேரியன்ட்டைத் தேடி வாங்குவது, சாதாரணக் காரை வாங்கித் திருத்துவதைவிட எப்போதும் மலிவு.

பின் ஆக்ஸிலில் தடித்த ஆன்ட்டி-ரோல் பார் போட்டால் முன்சக்கர இயக்கக் கார் வளைவில் வெளியே தள்ளுவது குறையும். அதே காரணத்தால் ஈரச் சாலையில் பின்பக்கம் திடீரென வழுக்கவும் கூடும். பானெட்டுக்கடியில் பளபளக்கும் அந்த ஸ்ட்ரட் பார் பெரும்பாலும் அழகுக்கே. சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர் வேண்டவே வேண்டாம்: போல்ட் பிடிக்கும் திருகு குறைகிறது, பேரிங்கின் மேல் சுமை கூடுகிறது. உறுதிக்காகப் பாடியில் வெல்டிங் வைப்பவர்கள் சேசிஸ் எண் பொறித்த இடத்தின் அருகில் கூடப் போகக் கூடாது. ஆர்.டி.ஓ. வேலைக்குப் பென்சில் பிரின்ட் எடுக்கும்போது ஒரு இலக்கம் மங்கியிருந்தாலும் திருட்டு வண்டிச் சந்தேகம் வரும். தாராவித் தோல் சீட் கவரும் கவனிக்க வேண்டியது: சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள காரில், அந்த இடத்தைத் திறந்துவிடாத கவர் ஏர்பேக்கை மறித்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52-ன்படி ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. அதே பிரிவின் விளக்கத்தில், வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றமே 'மாற்றம்' எனப்படுகிறது. ஆகவே அதே வகை புஷ், ஷாக், பிரேக் பேட் மாற்றுவது பராமரிப்பு. உயரம், சக்கர அளவு, சக்கரங்களுக்கிடையே அகலம் என்று வரும்போது தெளிவு போய்விடுகிறது. பிரிவு 182ஏ(4), உதிரிபாகங்களைப் பொருத்துவதையும் சேர்த்தே, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. மூன்று மாற்றம் என்றால் மூன்று அபராதம்.

சந்தேகமுள்ள எந்த மாற்றத்துக்கும் முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டும். உரிமையாளர் குடியிருக்கும் பகுதியின் ஆர்.டி.ஓ.தான் அலுவலகம்: செம்பூருக்கு எம்.எச். 03, வடாலா; தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் எம்.எச். 01, தார்தேவ். வடாலா பக்கத்தில் இருக்கிறதே என்று மாட்டுங்காக்காரர்கள் அங்கே போய் ஒரு நாளைத் தொலைக்க வேண்டாம். பரிவாகன் தளத்தில் வாகன மாற்றத்துக்கான சேவையைத் திறந்து விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி., இன்சூரன்ஸ், பி.யூ.சி., பொருளின் பார்ட் நம்பருடன் விவரத்தாள், பொருத்தப்போகும் கராஜின் ஜி.எஸ்.டி. எண்ணுள்ள கொட்டேஷன் ஆகியவற்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். கடனில் உள்ள கார் என்றால் வங்கியின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். அனுமதி பெற்றுச் செய்த மாற்றத்தை 14 நாளுக்குள் அதே அலுவலகத்தில் அறிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். கவுன்டரில் 'சலேகா' (பரவாயில்லை) என்று சொல்லி அனுப்பிவிடும் பழக்கம் பொறுப்பற்றது. அந்த வாய்வார்த்தை எந்தச் சாலைச் சோதனையிலும் செல்லாது. மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்க வேண்டும். பதில் வராவிட்டால் மாநில அரசின் ஆன்லைன் ஆர்.டி.ஐ. தளத்தில் மனுவின் நிலையைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். மறுத்து உத்தரவு வந்தால் பிரிவு 57-ன்படி 30 நாளுக்குள் மேல்முறையீடு உண்டு. அந்த 30 நாளை ஏஜென்ட்டின் பேச்சைக் கேட்டுக் கோட்டைவிடுகிறவர்கள் ஏராளம்.

ஆர்.டி.ஓ. அனுமதி கிடைத்தால் மட்டும் போதாது, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துப் பாலிசியில் என்டார்ஸ்மென்ட் வாங்க வேண்டும். தெரிவிக்காத மாற்றம் சொந்தக் கார் சேதத்துக்கான கிளைமை நிராகரிக்கக் கம்பெனிக்குக் கையில் கொடுக்கும் காரணம். நிராகரித்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன். மும்பை அலுவலகம் சாந்தாகுரூஸ் மேற்கு, எஸ்.வி. ரோட்டில் ஜீவன் சேவா அனெக்ஸில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கையை ஓராண்டுக்குள் கொண்டுபோகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. மாற்றத்துக்கும் விபத்துக்கும் தொடர்பில்லை என்று காட்டத்தான் அந்த அலைன்மென்ட் பிரின்ட்-அவுட்டும் பில்லும்.

பில் என்றால் ஜி.எஸ்.டி. பில். குர்லா சி.எஸ்.டி. ரோட்டிலோ சோர் பஜாரிலோ கச்சா பில்லில் வாங்கிய ஷாக் உடைந்தால் யாரையும் கேட்க முடியாது. அரசு அறிவித்த முக்கியப் பாதுகாப்புப் பாகங்களைத் தரமில்லாமல் விற்பவருக்குப் பிரிவு 182ஏ(3)-ன்படி ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ ஓராண்டுச் சிறையோ உண்டு. பில் இல்லாதவர் அந்தப் பிரிவைச் சொல்லிக்கூட மிரட்ட முடியாது. பில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது.

திருத்திய காரைச் சோதிக்க நள்ளிரவு ஈஸ்டர்ன் ஃப்ரீவே இடமல்ல. பொதுச் சாலையில் வேகப் போட்டி பிரிவு 189-ன் கீழ் குற்றம். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயிலும் அதற்கென்றே டிராக்குகள் இருக்கின்றன. டிராக்குக்குப் போவதானாலும் ஸ்பிரிங்கை வெட்டக் கூடாது.

கழற்றிய ஒரிஜினல் ஸ்பிரிங், ஷாக், ரிம் எதையும் கராஜிலேயே விட்டுவிட்டு வரக் கூடாது. மெக்கானிக் 'எதுக்குண்ணே இந்தக் குப்பை' என்பார்; அதைக் கேட்காமல் வாங்கி வந்து, பில்லோடு சேர்த்து வீட்டில் வைக்க வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டாலும், பதிவை நிறுத்திவைப்பதாகப் பிரிவு 53-ல் நோட்டீஸ் வந்தாலும், கார் கைமாறினாலும் திரும்ப மாட்ட அவைதான் வேண்டும்.