ஸ்மார்ட்வாட்ச்: எதை நம்பலாம், எங்கே முறையிடலாம்?

ஸ்மார்ட்வாட்ச்சைக் கழற்றி ஒரு வாழைப்பழத்தில் கட்டிப் பாருங்கள். சில வாட்ச்கள் பழத்துக்கும் நாடித்துடிப்பு காட்டும். காரணம் எளிது. வாட்ச்சின் அடியில் மினுக்கும் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியை அனுப்புகிறது. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும் என்பதால், ஒவ்வொரு துடிப்புக்கும் திரும்பி வரும் ஒளி கூடிக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் திரையில் ஓர் எண் வருகிறது. வாட்ச் பார்ப்பது ஒளியை மட்டும்தான், மற்றதெல்லாம் கணக்கு. ஸ்ட்ராப் தொளதொளவென்று இருந்தாலோ, கை ஆடிக்கொண்டே இருந்தாலோ, மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தாலோ கணக்கு பிசகும்.

அதற்காகப் பொம்மை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஆப்பிள் வாட்ச் அணிந்த 4,19,297 பேரை வைத்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வு 2019-ல் வெளியானது. துடிப்பு சீராக இல்லை என்ற எச்சரிக்கை 2,161 பேருக்கு வந்தது. அவர்களில் 450 பேர் நெஞ்சில் ஈசிஜி பட்டை ஒட்டிப் பார்த்தார்கள்; 34 சதவீதம் பேருக்கு ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ உறுதியானது. இதயத்தில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரை கொண்டுபோகக்கூடிய கோளாறு இது. பலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே இருக்கும்.

ஆகவே, வாட்ச் எச்சரித்தால் டாக்டரைப் பாருங்கள். எச்சரிக்கவில்லை என்பதற்காக உடம்பில் கோளாறே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

எங்கே உஷார்?

மாரடைப்பு: ஈசிஜி வசதியுள்ள வாட்ச் ஒரே ஒரு கோணத்தில்தான் இதயத்தைப் பார்க்கிறது, ஆஸ்பத்திரியில் எடுப்பது 12 கோணங்களில். தன் வாட்ச்சால் மாரடைப்பைக் கண்டுபிடிக்க முடியாது என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. நெஞ்சு வலித்தால் வாட்ச்சைப் பார்த்து நேரத்தை வீணாக்காமல் 108-ஐ அழையுங்கள்.

சுகர்: ஊசி குத்தாமல் சர்க்கரை அளவு காட்டும் வாட்ச், மோதிரம் எதற்கும் தான் அனுமதி தரவில்லை, அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தப்பான எண்ணைப் பார்த்து இன்சுலினைக் கூட்டிப் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. குளுக்கோமீட்டரைப் பரணில் போட்டுவிடாதீர்கள்.

கலோரி: 2017-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். நாடித்துடிப்பை ஆறு கருவிகள் 5 சதவீதத்துக்குக் குறைவான பிழையோடு சொல்லின. கலோரியிலோ, இருப்பதிலேயே நல்ல கருவிகூட சராசரியாக 27 சதவீதம் தவறியது. மிக மோசமானது 93 சதவீதம். வாட்ச் சொல்லும் கலோரிக் கணக்கை நம்பி இன்னொரு பரோட்டா கேட்க வேண்டாம்.

தகவல் யாரிடம் போகிறது?

நீங்கள் எங்கே நடந்தீர்கள், எப்போது தூங்கினீர்கள், துடிப்பு எப்போது எகிறியது என்பதெல்லாம் போனில் உள்ள ஆப் வழியாக நிறுவனத்தின் சர்வருக்குப் போகக்கூடும். உடற்பயிற்சி ஆப் ஆன ஸ்ட்ராவா வெளியிட்ட உலக வரைபடத்தில், ராணுவ வீரர்கள் ஓடிய தடங்கள் வழியே பாலைவன முகாம்களின் இருப்பிடமே தெரிந்துபோனது 2018-ல் பெரிய செய்தி. ராணுவத்துக்கே அந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்?

2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உங்களைப் பற்றி என்ன தகவல் இருக்கிறது என்று கேட்கவும், திருத்தவும், அழிக்கச் சொல்லவும், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் உரிமை தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியப் பிரிவுகள் அமலாக 18 மாத அவகாசம் உண்டு. அதுவரை காத்திருக்காமல், போன் செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு லொகேஷன், கான்டாக்ட்ஸ், மைக் அனுமதி உண்மையிலேயே தேவையா என்று பார்த்து, தேவையில்லாததை அணைத்துவிடுங்கள். பழைய வாட்ச்சைக் கைமாற்றும் முன் ஃபேக்டரி ரீசெட் செய்வதோடு, ஆப்பில் உள்ள கணக்கையும் அழியுங்கள்.

ஏமாற்றினால் என்ன வழி?

வாங்கும்போதே பெட்டியில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அது மின்பாதுகாப்புக்கான பதிவு; சுகர், பிபி அளவு சரி என்பதற்குச் சான்று கிடையாது. பில், பெட்டியின் படம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

‘பிபி, சுகர் துல்லியமாக அளக்கும்’ என்று முன்பக்கம் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டுத் தப்பித்துக்கொள்ள முடியாது. பொறுப்புத்துறப்பு வாசகம் முக்கிய வாக்குறுதிக்கு முரணாக இருக்கக் கூடாது என்கின்றன 2022-ல் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள். முதல் தவறுக்கே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

முதலில் விற்றவரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். ஆன்லைன் நிறுவனம் என்றால் 48 மணி நேரத்தில் ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். நடக்கவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, கட்டணமில்லை. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

இரண்டாயிரம் ரூபாய் வாட்ச்சுக்கு யார் அலைவது என்று நாம் சும்மா இருந்துவிடுவோம் என்பதுதான் ஏமாற்றுபவர்களின் தைரியம்.